காப்பி நம் எலும்பிலிருந்து எவ்வளவு திருடுகிறது?

2025 இறுதியில் ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓர் ஆய்வு முடிவை வெளியிட்டார்கள். அது நம் புலனக் குழுக்களுக்கு வந்து சேர்ந்தபோது ஒரே வரியாகச் சுருங்கியிருந்தது: "தேநீர் எலும்புக்கு நல்லது, காப்பி கெடுதல்." எங்கள் கம்போங் ராஜாவில் இந்தச் செய்திக்குக் கிடைத்த வரவேற்பைச் சொல்ல வேண்டியதில்லை. கேமரன் மலையின் வடக்கு முனையில், தேயிலைத் தோட்டங்களுக்கும் காய்கறித் தோட்டங்களுக்கும் நடுவில் இருக்கும் ஊர். தேயிலையை நம்பி மூன்று தலைமுறை வாழ்ந்த குடும்பங்களுக்கு இதைவிட இனிப்பான செய்தி கிடைக்குமா? என் சித்தப்பா அதை நான்கு குழுக்களுக்கு அனுப்பி வைத்தார்.

நான் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவி. ஒரு செய்தியைப் பார்த்ததும் "யாரை அளந்தார்கள், எதை அளந்தார்கள், வித்தியாசம் எவ்வளவு" என்று கேட்கும் பழக்கம் தொற்றிக்கொண்டுவிட்டது. வீட்டில் இதற்கு எனக்குத் தனிப்பெயரே உண்டு. அதை இங்கே எழுத வேண்டாம்.

அந்த ஆய்வு அளந்தது 65 வயதைத் தாண்டிய, ஏறக்குறைய பத்தாயிரம் அமெரிக்கப் பெண்களை. பத்து ஆண்டுத் தகவல். தேநீர் குடித்தவர்களின் இடுப்பெலும்பு அடர்த்தி சற்றுக் கூடுதலாக இருந்தது. அந்தச் 'சற்று' மிகச் சிறியது என்பதை ஆய்வாளர்களே சொன்னார்கள். அளவாகக் காப்பி குடித்தவர்களுக்குப் பாதிப்பு தெரியவில்லை. நாளொன்றுக்கு ஐந்து குவளைக்கு மேல் போனவர்களிடம்தான் அடர்த்தி குறைந்து காணப்பட்டது. அதாவது, குழுவில் வந்த வரியின் பாதி மிகைப்படுத்தல். மறுபாதி ஐந்து குவளைக்கு மேல் குடிப்பவர்களுக்கு மட்டும்.

அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தப் பெண்களின் குவளைக்குள் இருந்ததும் நம் குவளைக்குள் இருப்பதும் ஒன்றா?

முதலில் காப்பி எலும்பை என்ன செய்கிறது என்று பார்ப்போம். காப்பியில் உள்ள கஃபீன் உடலுக்குள் போனதும் சில மணி நேரத்திற்குச் சிறுநீர் வழியாகச் சற்று அதிகமான கால்சியம், அதாவது சுண்ணாம்புச் சத்து, வெளியேறுகிறது. குடலும் கால்சியத்தை ஈர்ப்பதில் கொஞ்சம் சுணங்குகிறது. இது உண்மை. ஆனால் அளவு? ஒரு குவளை காப்பிக்கு ஏறத்தாழ 5 மில்லிகிராம். கால்சியம் ஆய்வில் வாழ்நாளைக் கழித்த அமெரிக்க மருத்துவர் ராபர்ட் ஹீனி 2002-இல் இதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்: ஒன்று இரண்டு மேசைக்கரண்டிப் பால் சேர்த்தாலே அந்த இழப்பு ஈடாகிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு மேசைக்கரண்டிப் பாலில் சுமார் 36 மி.கி. கால்சியம் இருக்கும்; உடல் அதில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும்; 12 மி.கி. உள்ளே வருகிறது. காப்பி எடுத்துக்கொண்டு போனது 5.

அப்படியானால் காப்பியைக் குற்றம் சாட்டும் ஆய்வுகள் எல்லாம் பொய்யா? இல்லை. 1994-இல் வெளிவந்த இரண்டு அமெரிக்க ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தால் விஷயம் துலங்கும். ஒன்றில், மாதவிடாய் நின்ற பெண்களில் நாளுக்கு இரண்டு மூன்று குவளைக்கு மேல் காப்பி குடித்தவர்களுக்கு எலும்புத் தேய்வு வேகமாக நடந்தது. ஆனால் யாருக்கு? உணவில் 800 மி.கி.க்கும் குறைவாகக் கால்சியம் எடுத்தவர்களுக்கு. போதுமான அளவு எடுத்தவர்களிடம் அந்த வேகம் இல்லை. மற்றொன்று கலிஃபோர்னியாவின் ரான்ச்சோ பெர்னார்டோ என்ற ஊரில் 980 பெண்களிடம் செய்யப்பட்டது. வாழ்நாள் முழுதும் காப்பி குடித்தவர்களின் எலும்பு அடர்த்தி குறைந்திருந்தது. அவர்களிலேயே, நாளுக்கு ஒரு குவளைப் பாலாவது குடித்து வந்தவர்களிடம் அந்தக் குறைவைக் காணவில்லை.

பிறகு 2013-இல் சுவீடனிலிருந்து ஒரு பெரிய ஆய்வு வந்தது. 61,433 பெண்கள். நாளுக்கு நான்கு குவளைக்கு மேல் காப்பி குடித்தவர்களின் எலும்பு அடர்த்தி, ஒரு குவளைகூடக் குடிக்காதவர்களைவிட 2 முதல் 4 விழுக்காடு குறைவு. ஆனால் எலும்பு முறிவு? கூடவில்லை. சுவீடன் உலகிலேயே அதிகமாகக் காப்பி குடிக்கும் நாடுகளில் ஒன்று. பாலும் பாலாடைக்கட்டியும் அதே அளவுக்குப் புழங்கும் நாடு.

இந்த இடத்தில்தான் நாம் நம் நாட்டுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது.

மலேசியாவின் 2017-ஆம் ஆண்டு ஊட்டச்சத்துப் பரிந்துரையின்படி 19 முதல் 50 வயது வரை நாளுக்கு 1,000 மி.கி. கால்சியம் வேண்டும். இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு 1,300. ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்கு 1,200. நாம் உண்மையில் எவ்வளவு எடுக்கிறோம்? சுகாதார அமைச்சு 2003-லும் 2014-லும் பெரியவர்களிடையே நாடளாவிய ஊட்டச்சத்து ஆய்வு நடத்தியது. இரண்டிலுமே சராசரி மலேசியர் அந்த 1,000-இல் பாதியைக்கூட எட்டவில்லை.

நேர்மையாகக் கணக்குப் போட வேண்டுமென்றால், உணவில் குறையும் 500 மி.கி.யையும் காப்பியால் போகும் 5 மி.கி.யையும் அப்படியே பக்கத்தில் வைக்கக்கூடாது. உணவில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான் உடலுக்குள் போகிறது. அதனால் 500-ஐ ஏறக்குறைய 150 என்று கொள்வோம். நாளுக்கு நான்கு குவளை காப்பி குடிப்பவர் இழப்பது 20. தட்டில் இல்லாததால் இழப்பது 150. வீட்டில் 150 வெள்ளி களவு போயிருக்கும்போது, 20 வெள்ளி எடுத்தவனை மட்டும் ஊரெல்லாம் துரத்துவது போன்ற நிலைமை நம்முடையது. காப்பியை நிறுத்திவிட்டுத் தே ஓவுக்கு மாறினால் அந்த இருபதில் ஒரு பகுதி மிஞ்சும். 150 அப்படியே இருக்கும்.

"நாங்கள்தான் பால் ஊற்றிக் குடிக்கிறோமே" என்று நீங்கள் கேட்கலாம். 2003 ஆய்வில் இதற்கும் பதில் இருக்கிறது. மலேசியப் பெரியவர்கள் தினமும் உண்ணும் உணவுகளின் பட்டியலில் சோறு, மீன், கீரைக்கு அடுத்தபடி ஒரு பொருள் இடம்பிடித்திருந்தது: இனிப்புக் கட்டிப்பால், நாளுக்கு மூன்று தேக்கரண்டி. நம் தே தாரேவின் உயிர்நாடி. மூன்று தேக்கரண்டியை 20 கிராம் என்று வைத்துக்கொண்டால் அதில் கால்சியம் 55 மி.கி. அளவுக்கு இருக்கும். காப்பி எடுத்ததை ஈடுகட்ட இது போதும். ஆனால் பற்றாக்குறையை அடைக்க இதையே நம்பினால் என்ன ஆகும்? ஒரு குவளைப் பாலில் உள்ள 300 மி.கி. கால்சியத்தைக் கட்டிப்பாலிலிருந்து பெற 100 கிராமுக்கு மேல் ஊற்ற வேண்டும். கூடவே 45 கிராம் சீனியும் உள்ளே போகும். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்கிறது.

அதுவும் அந்த டின்னில் இருப்பது பாலாக இருந்தால்தான். அடுத்த முறை கடைக்குப் போகும்போது டின்னின் முகப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் 'சூசு' என்று இருக்காது, 'கிரிமர் மானிஸ்' என்றுதான் இருக்கும். பால் கொழுப்புக்குப் பதிலாகச் செம்பனை எண்ணெய் சேர்த்த இனிப்புக் கிரீமர் அது. தோற்றம் ஒன்று, சுவை ஏறக்குறைய ஒன்று, விலை குறைவு. பாலின் திடப்பொருள் குறையக் குறையக் கால்சியமும் குறையும். 3-இன்-1 பொட்டலங்களில் உள்ள வெள்ளைப் பொடியோ பெரும்பாலும் பாலே அல்ல. அதிலிருந்து கால்சியத்தை எதிர்பார்ப்பது வீண்.

இந்த டின்னுக்கு நம் மண்ணில் பழைய வரலாறு உண்டு. 1930-களில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இனிப்புக் கட்டிப்பால் குழந்தைகளுக்கு ஏற்ற உணவு என்று விற்கப்பட்டது. சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1939-இல் ரோட்டரி சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று அதைக் கண்டித்துப் பேசினார். அந்த உரைக்கு அவர் வைத்த தலைப்பு 'பாலும் கொலையும்'. கைக்குழந்தைகளுக்கு அதைக் கொடுப்பது பின்னாளில் நின்றது. பெரியவர்களின் குவளையில் அது தங்கிவிட்டது. அதே காலத்தில் பல தோட்டப்புறங்களில் லயத்துக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் வெளியேறியபோது மாடுகளும் போயின. பால் என்பது கடையில் காசு கொடுத்து வாங்கும் பொருளாக மாறியபோது, ஏழைக் குடும்பம் டின்னைத்தான் வாங்கியது. கெட்டுப்போகாது, ஒரு டின் பல நாள் வரும். இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் பாட்டி இருபது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர். "விடியக்காலம் அஞ்சு மணிக்குப் பெரட்டுக்கு ஓடணும்மா, அதுக்குள்ள பாலுக்கு எங்க போறது? சீனி போட்டு வெறும் கோப்பிதான்," என்பார். பத்து மணிக்கு மீண்டும் ஒரு சுற்று, மதியம் சோறும் ரசமும் கொஞ்சம் கருவாடும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் குளியலறையில் வழுக்கிக் கையூன்றி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. வழுக்கினால் முறியத்தானே செய்யும் என்று எல்லாரும் சொன்னோம். ஆனால் நின்ற உயரத்திலிருந்து விழுந்து எலும்பு முறிவதையே எலும்புப்புரை நோயின் அடையாளமாக மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். எலும்பு உள்ளே சல்லடையாகிவிட்டது என்பதை வெளியே சொல்லும் முதல் செய்தி பெரும்பாலும் மணிக்கட்டிலிருந்துதான் வரும். அடுத்தது முதுகெலும்பு, கூன் விழும். கடைசியில் இடுப்பு. இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார். பிழைத்தவர்களில் பலர் பழையபடி நடப்பதில்லை.

மலேசியாவில் 1997-இல் எடுத்த கணக்கின்படி, 50 வயதைத் தாண்டியவர்களில் ஒரு லட்சம் பேருக்கு 90 பேர் ஆண்டுதோறும் இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனைக்கு வந்தார்கள். சீனர்களிடம் மிக அதிகம்; மலாய்க்காரர்களும் இந்தியர்களும் அடுத்து. இதைப் பார்த்து நாம் ஆறுதல் அடையத் தேவையில்லை. 2018-இல் வெளிவந்த ஆசிய அளவிலான மதிப்பீடு ஒன்று, 2050-க்குள் மலேசியாவின் இடுப்பெலும்பு முறிவுகள் மூன்று மடங்குக்கும் மேல் பெருகும் என்கிறது. அந்த ஆய்வில் இடம்பெற்ற ஆசிய நாடுகளிலேயே மிக வேகமான உயர்வு நம்முடையதுதான். காரணம் புதிரில்லை, நாடு முதுமையடைகிறது. 2050-இல் ஐம்பதை நெருங்கிக்கொண்டிருக்கப் போகிறவர்கள் இப்போது கல்லூரியில் படிக்கும் நாம்தான்.

நம் வயதுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்காதீர்கள். உச்ச எலும்புத் திணிவில் ஏறக்குறைய 90 விழுக்காடு பெண்களுக்கு 18 வயதுக்குள்ளும் ஆண்களுக்கு 20 வயதுக்குள்ளும் சேர்ந்துவிடுகிறது. மிச்சம் முப்பதை நெருங்கும்வரை. அதன்பின் கணக்கில் புதிதாகப் பணம் போட முடியாது, எடுப்பதை மெதுவாக்கலாம், அவ்வளவுதான். இந்த ஆண்டுகளில்தான் நாம் எஸ்பிஎம் தேர்வுக்கு இரவு விழிக்க 3-இன்-1 குடிக்கிறோம், வகுப்புக்கு ஐஸ் காப்பியோடு போகிறோம், பசியாறாமல் பதினோரு மணிவரை ஓட்டுகிறோம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மி.கி. கஃபீன் வரை பாதுகாப்பானது என்கிறது. பதின்ம வயதினருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 3 மி.கி.; 50 கிலோ எடையுள்ள மாணவிக்கு 150 மி.கி., அதாவது ஒன்றரைக் குவளை வடிகாப்பி. என் கவலை கஃபீன் அல்ல. அந்தக் குவளை எந்தக் குவளையின் இடத்தைப் பிடித்தது என்பதே.

அரசு சும்மா இருக்கவில்லை. 2019 ஜூலை 1 முதல் சீனி கலந்த பானங்களுக்கு லிட்டருக்கு 40 காசு கலால் வரி வந்தது. 2024-இல் 50 காசானது. 2025 ஜனவரியில் 90 காசு. 3-இன்-1 போன்ற பொடிகளும் 2024-இல் இந்த வலைக்குள் வந்தன. ஐந்தில் ஒரு பெரியவருக்கு நீரிழிவு, இந்தியர்களிடையே ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு என்று 2019 தேசியச் சுகாதார ஆய்வு சொன்ன நாட்டில் இந்த வரியை எதிர்க்க எனக்குக் காரணமில்லை. பால் கலந்த பானங்களுக்குச் சீனி வரம்பைச் சற்றுத் தளர்த்தி, 100 மில்லிலிட்டருக்கு 7 கிராம் வரை விட்டுவைத்தது பாராட்டத்தக்க நுணுக்கம். ஆனால் இந்த வரி புட்டிக்கும் பொட்டலத்துக்கும்தான். ஒட்டுக்கடையில் ஆற்றித் தரும் தே தாரேவுக்குள் அது நுழையாது. சீனியைக் குறைக்கச் சொல்லும் கொள்கை நம்மிடம் இருக்கிறது. கால்சியத்தைக் கூட்டச் சொல்லும் கொள்கை, 1983-இல் தொடங்கிய பள்ளிப்பால் திட்டத்திற்குப் பிறகு, பள்ளி வாசலைத் தாண்டி வரவேயில்லை என்பதே என் கருத்து.

பாலைக் கூட்டினால் நம் மக்களுக்குப் பலன் உண்டா? இதற்கு வெளிநாட்டு ஆய்வைத் தேட வேண்டாம். 2003-இல் வெளியான மலேசிய ஆய்வு ஒன்றில், மாதவிடாய் நின்ற 200 சீனப் பெண்கள் இரண்டு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழுவுக்கு நாளுக்கு 1,200 மி.கி. கால்சியம் உள்ள பால்மாவு, இரண்டு ஆண்டுகளுக்கு. பால் குடித்தவர்களின் எலும்புத் தேய்வு மற்றவர்களைவிடத் தெளிவாகக் குறைந்தது.

"பால் குடித்தால் வயிறு பொருமுகிறது" என்பது நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு. அதுவும் சாக்கில்லை. 2006-இல் வந்த ஒரு மலேசிய ஆய்வில் சோதிக்கப்பட்ட இந்தியர்களில் 83 விழுக்காட்டினருக்குப் பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைவாக இருந்தது. மலாய்க்காரர்களிடம் 88, சீனர்களிடம் 91. இப்படிப்பட்டவர்களும் சிறிதளவு பாலை, அதுவும் உணவோடு சேர்த்து, பெரும்பாலும் தாங்கிக்கொள்வார்கள். தயிருக்கும் மோருக்கும் இந்தத் தொல்லை குறைவு. காப்பியில் கால் பங்கு பால் ஊற்றிக் குடிப்பது ஒருவகையில் நல்ல ஏற்பாடுதான். டின்னிலிருந்து இல்லாமல் பெட்டிப் பாலாகவோ பால்மாவாகவோ இருந்தால்.

பால் இல்லாத வழியும் உண்டு. முள்ளோடு தின்னும் நெத்திலி, டின் சார்டின், தௌஃபு. நூறு கிராம் கேழ்வரகில் 350 மி.கி. அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. முருங்கைக் கீரையில் 300-க்கு மேல். பாட்டி காலத்துக் கேழ்வரகுக் கூழ் தோட்டத்தைவிட்டுப் போய், இப்போது நகரத்துக் கடைகளில் 'ஆரோக்கிய உணவு' அட்டையோடு திரும்பி வந்திருப்பது தனிக்கதை. எங்கள் மலைக்கு இதில் ஒரு சிறப்பும் உண்டு. பசலைக் கீரையில் கால்சியம் நிறைய இருந்தாலும் அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உடலுக்குக் கிடைப்பது 5 விழுக்காடுதான். கோசு, கைலான், சாவி குடும்பத்துக் கீரைகளில் அந்தத் தடை இல்லை. பாலைவிடவும் நன்றாக ஈர்க்கப்படுகிறது. கம்போங் ராஜாவிலிருந்து சிம்பாங் பூலாய் சாலை வழியாகத் தினமும் லாரி லாரியாக இறங்குவது இந்தக் கீரைகள்தான். ஏற்றிவிடும் வீடுகளின் தட்டில் அவை எவ்வளவு விழுகின்றன என்பது வேறு விஷயம்.

தேநீர் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. தேநீர் எலும்பைக் கெடுக்காது. 2000-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பகுதியில் 1,256 மூதாட்டிகளிடம் செய்த ஆய்விலும் தேநீர் குடித்தவர்களின் எலும்பு அடர்த்தி கூடுதலாகவே இருந்தது. ஆனால் சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் உணவில் உள்ள இரும்புச் சத்தை அது தடுக்கும், காப்பியும் அப்படித்தான். கருவுறும் வயதுப் பெண்களில் பத்தில் மூவருக்கு இரத்தச் சோகை உள்ள நாடு இது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடிப்பதில் யாருக்கும் நட்டமில்லை.

எலும்பு அடர்த்தியை அளக்கும் கருவி பெரிய மருத்துவமனைகளின் விஷயம். ஆனால் யாரை அங்கே அனுப்ப வேண்டும் என்று கண்டுபிடிக்க ஒரு கழித்தல் கணக்கு போதும். 2001-இல் எட்டு ஆசிய நாடுகளின் பெண்களை அளந்து உருவாக்கப்பட்ட முறை அது. 'ஓஸ்தா' என்று பெயர். மாதவிடாய் நின்ற பெண்ணின் கிலோ எடையிலிருந்து வயதைக் கழித்து, 0.2-ஆல் பெருக்க வேண்டும். விடை –1-க்கு மேல் இருந்தால் ஆபத்து குறைவு. –4-க்குக் கீழ் போனால் ஆபத்து அதிகம், உடனே அடர்த்திச் சோதனை தேவை. என் பாட்டிக்கு வயது 72, எடை 45 கிலோ. விடை –5.4. மணிக்கட்டு முறிவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே அவர் எடை இதே 45-தான். அப்போதே விடை –3, அதாவது நடுத்தர ஆபத்துக்குள் இருந்திருப்பார். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து வாங்க எங்கள் ஊர்ப் பாட்டிகள் கிளினிக்குக்குப் போகும்போது முதலில் அவர்களை நிறுத்தி வைப்பது எடைக் கருவியின் மேல்தான். வயது அடையாள அட்டையின் முதல் இரண்டு எண்ணிலேயே இருக்கிறது. அந்த விடையையும் மருந்துப் புத்தகத்தில் ஒரு கட்டம் போட்டு எழுதச் சுகாதார அமைச்சு சொன்னால் போதும். அதுவரை, விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும் மாணவர்கள் கைப்பேசியிலேயே போட்டுப் பார்க்கலாம்.